பீரின் சர்க்கரையையும் ஆல்கஹாலையும் அளப்பது: இரண்டு கருவிகள் இரண்டு விடை சொல்லும்போது

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். வீட்டில் காய்ச்சிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் ரிஃப்ராக்டோமீட்டர் 12 பிரிக்ஸ் (நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவுகோல்) காட்டியது, ஹைட்ரோமீட்டர் 1.044 காட்டியது. பத்து நாள் கழித்து முதலாவது 6 என்கிறது, இரண்டாவது 1.008 என்கிறது. பிரிக்ஸ் எண்களை அட்டவணைப்படி ஒப்படர்த்தியாக, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியாக, மாற்றிக் கணக்கிட்டால் ஆல்கஹால் 3.2 சதவீதம் வருகிறது. ஹைட்ரோமீட்டர் எண்களை வைத்துக் கணக்கிட்டால் 4.7 சதவீதம் வருகிறது. நான்கு அளவுகளையும் எடுத்தபோது திரவத்தின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். எந்தக் கருவியை நம்புவது, நொதித்தல் பாதியில் நின்றுவிட்டதா, இப்போதே பாட்டிலில் அடைக்கலாமா, வேறு கருவிகள் உதவுமா என்று கேட்கிறீர்கள்.

சுருக்கமான விடை: இரண்டு கருவிகளிலும் பழுது இல்லை. உங்கள் பீரில் ஆல்கஹால் ஏறத்தாழ 4.7 சதவீதம் இருக்கிறது. நொதித்தல் நின்றுபோகவில்லை, பெரும்பாலும் முடிந்தேவிட்டது. ஆனால் பாட்டிலில் அடைப்பதற்கு இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். ஏன் என்பதற்கான விளக்கம்தான் நீளமானது.

இந்த இரண்டு கருவிகளில் எதுவும் சர்க்கரையை அளப்பதில்லை, ஆல்கஹாலையும் அளப்பதில்லை. ஹைட்ரோமீட்டர் திரவத்தின் அடர்த்தியை, தண்ணீரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. ரிஃப்ராக்டோமீட்டர், ஒளி அந்தத் திரவத்துக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்கிறது. ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் சாற்றில் கரைந்திருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி சர்க்கரையும் டெக்ஸ்ட்ரினும்தான் (மாவுச்சத்து உடைந்து கிடைக்கும் நீளமான துண்டுகள்) என்பதால், அடர்த்தியிலிருந்தோ ஒளிவிலகலிலிருந்தோ சர்க்கரையின் அளவை ஊகிப்பது அப்போது பாதுகாப்பானது. நொதித்தல் தொடங்கிய பிறகு ஆல்கஹால் என்ற மூன்றாவது ஆள் வந்துவிடுகிறது. 20 டிகிரியில் ஆல்கஹாலின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.789 கிராம், எனவே அது கலவையின் அடர்த்தியைக் கீழே இழுக்கிறது. அதே ஆல்கஹாலின் ஒளிவிலகல் எண் 1.361, தண்ணீருடையதோ 1.333; எனவே அது ரிஃப்ராக்டோமீட்டரின் எண்ணை மேலே தள்ளுகிறது. ஒரே பொருள் ஒரு கருவியைக் கீழேயும் மற்றொன்றை மேலேயும் நகர்த்துவதால், நொதித்த பீரில் அவை இரண்டும் ஒத்துப்போனால்தான் நாம் ஆச்சரியப்பட வேண்டும்.

ரிஃப்ராக்டோமீட்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் பிரிக்ஸ் அளவுகோல் தண்ணீரில் கரைந்த தூய சுக்ரோஸுக்காக, அதாவது நாம் சமையலில் பயன்படுத்தும் வெள்ளைச் சர்க்கரைக்காக, வகுக்கப்பட்டது. மால்ட் சாற்றில் இருப்பது முதன்மையாக மால்டோஸ். அதனுடன் மால்டோட்ரையோஸ், குளுக்கோஸ், நொதிக்காத டெக்ஸ்ட்ரின், கொஞ்சம் புரதம் ஆகியவையும் உண்டு. இவற்றின் ஒளிவிலகல் சுக்ரோஸுடன் முழுமையாகப் பொருந்தாததால், பிரிக்ஸ் எண்ணை ஏறத்தாழ 1.04 என்ற திருத்தக் காரணியால் வகுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் 12, இந்தத் திருத்தத்துக்குப் பின் 11.54 ஆகிறது, அதாவது நூறு கிராம் சாற்றில் 11.54 கிராம் கரைபொருள். அதற்கு இணையான ஒப்படர்த்தி 1.0464. இந்த 1.04 என்பது எல்லாச் சாறுகளுக்கும் பொதுவான மாறிலி அன்று. ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் இரண்டு கருவிகளாலும் கவனமாக அளந்து, நான்கைந்து முறை காய்ச்சியபின் கிடைக்கும் சராசரியே உங்கள் கருவிக்கும் உங்கள் செய்முறைக்கும் உரிய காரணி.

இறுதி அளவுக்கு இந்த ஒரு திருத்தம் போதாது. தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் சேர்த்தே ஆல்கஹாலின் விளைவைக் கழிக்க முடியும். வீட்டில் பீர் காய்ச்சுவோர் பரவலாகப் பயன்படுத்தும் எளிய சமன்பாடு ஒன்று இருக்கிறது: இறுதி ஒப்படர்த்தி = 1 − (0.00085683 × தொடக்க எண்) + (0.0034941 × இறுதி எண்). இரண்டு எண்களையும் 1.04 ஆல் வகுத்த பிறகே இதில் இட வேண்டும். உங்கள் 12, 6 ஆகியவை 11.54, 5.77 ஆகின்றன, விடை 1.0103. நீங்கள் நேரடியாக அட்டவணையில் பார்த்தபோது 6 பிரிக்ஸுக்கு 1.024 வந்திருக்கும். அதனால்தான் நொதித்தல் நின்றுவிட்டது என்ற பயம் வந்தது. இந்த ஒரு தவறான வாசிப்பை நம்பி, நல்ல பீரில் மேலும் ஈஸ்ட்டைக் கொட்டியவர்களையும் அதைச் சூடேற்றிக் குலுக்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஹைட்ரோமீட்டர். அதன் காகித அளவுகோலின் ஓரத்தில், எந்த வெப்பநிலைக்கு அது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸாக இருக்கும், சிலவற்றில் 15.6 டிகிரி, அதாவது 60 டிகிரி ஃபாரன்ஹீட். திரவம் சூடானால் விரிந்து அடர்த்தி குறைகிறது, கருவி அதிகமாக மூழ்குகிறது, எண் குறைவாக வருகிறது. 20 டிகிரிக்கான கருவியை 30 டிகிரிச் சாற்றில் இட்டால் சுமார் 0.0025 கூட்ட வேண்டும். 40 டிகிரியில் சுமார் 0.006, 60 டிகிரியில் ஏறக்குறைய 0.015. கடைசி எண்ணைத் திருத்தமாகப் பயன்படுத்தாதீர்கள், எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சூட்டில் வெப்பநிலையை இரண்டு டிகிரி தவறாகப் படித்தாலே திருத்தமும் தவறிவிடும். ஆவியாதலால் மாதிரியின் செறிவும் கூடிக்கொண்டே போகும். சூடான சாற்றை மூடிய பாத்திரத்தில் எடுத்து, குளிர்ந்த நீரில் வைத்து ஆறவிட்டு அளப்பதே முறை.

உங்கள் எண்களுக்குத் திருத்தம் செய்தால் 1.044 என்பது 1.0465 ஆகிறது, 1.008 என்பது 1.0105 ஆகிறது. ரிஃப்ராக்டோமீட்டரிலிருந்து கிடைத்த 1.0464, 1.0103 ஆகியவற்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, சாதாரணமாக 0.001 அல்லது 0.002 வேறுபாடு இருந்தாலே நான் நிறைவடைந்துவிடுவேன். இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் இரண்டு முறையும் 30 டிகிரியிலேயே அளந்ததால், வெப்பநிலைப் பிழை இரண்டு எண்களிலும் சமமாக இருந்து கழித்தலில் மறைந்துவிட்டது. திருத்தம் செய்யாமலே உங்கள் 4.7 சரியாக வந்ததற்குக் காரணம் அதுதான். சாற்றை 30 டிகிரியிலும் பீரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 5 டிகிரியிலும் அளந்திருந்தால் அந்தச் சலுகை கிடைத்திருக்காது.

கருவியையே சோதிப்பது எப்படி என்பதைப் பலர் பாதிதான் செய்கிறார்கள். காய்ச்சி வடித்த நீரில், உரிய வெப்பநிலையில் 1.000 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது அளவுகோலின் ஒரு முனையை மட்டுமே சோதிக்கிறது. 10 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 90 கிராம் நீரில் கரைத்தால் 1.040 வர வேண்டும். 15 கிராமை 85 கிராம் நீரில் கரைத்தால் 1.061 வர வேண்டும். இவற்றைத் தராசில் நிறுத்தே எடுங்கள், கரண்டியால் அளக்காதீர்கள். கருவி மிதக்கும் அளவுக்குத் திரவம் வேண்டும் என்பதால் இந்த அளவுகளை இரண்டு மூன்று மடங்காக்கிக்கொள்ளலாம். தண்ணீரில் 1.002 காட்டும் கருவி சர்க்கரைக் கரைசலிலும் 0.002 கூடுதலாகவே காட்டினால் பிரச்சினை இல்லை, எப்போதும் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் தவறாகவும் இருந்தால் அந்தக் கருவியை ஒதுக்கிவிடுவதே நல்லது. கண்ணாடித் தண்டுக்குள் இருக்கும் காகிதச் சுருள் நழுவிவிடுவதும் உண்டு. என்னிடம் இருந்த ஒன்றில் அது மெல்ல இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. பல மாதங்கள் என் ஈஸ்ட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கிய அன்றே காகிதத்தின் மேல் விளிம்பு நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் நிரந்தர மையால் குறித்து வைப்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

எண்ணைப் படிக்கும்போது கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். தண்டை ஒட்டித் திரவம் சற்று ஏறி நிற்கும் பிறை வடிவத்தின் அடிப்பகுதியையே பெரும்பாலான கருவிகளில் படிக்க வேண்டும். சில கருவிகள் மேல் விளிம்பைப் படிக்குமாறு வகுக்கப்பட்டவை என்பதால் உடன் வரும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி குழாயின் சுவரைத் தொடக் கூடாது. நொதித்த பீரில் இதைவிடப் பெரிய பகை கார்பன் டை ஆக்சைடு. அதன் குமிழிகள் கருவியில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடுவதால் எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். மாதிரியை இரண்டு குவளைகளுக்கிடையே பத்துப் பதினைந்து முறை மாற்றி ஊற்றி, வாயுவை வெளியேற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, கருவியைச் சுழற்றிவிட்டுப் படியுங்கள். அளந்த மாதிரியைத் திரும்ப நொதிகலனுக்குள் ஊற்ற வேண்டாம். அதைச் சுவைத்துப் பாருங்கள், அதுவும் ஓர் அளவீடுதான்.

தொடக்க அளவில் கருவியோடு தொடர்பில்லாத பிழை ஒன்றும் உண்டு. கெட்டியான சாற்றைக் காய்ச்சி, பின்னர் தண்ணீர் சேர்த்து முழு அளவுக்குக் கொண்டுவருபவர்களுக்கு, கனமான சாறு அடியிலும் தண்ணீர் மேலேயும் நின்றுவிடும். பார்வைக்கு எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரியும். மேலிருந்து எடுத்த மாதிரி குறைவாகவும், அடிக்குழாயிலிருந்து எடுத்தது கூடுதலாகவும் காட்டும். இந்த முறையில் காய்ச்சுபவர்கள் கருவியைவிடக் கணக்கை நம்பலாம் என்பது என் கருத்து. உலர்ந்த மால்ட் தூள் ஒரு கிலோவை ஒரு லிட்டர் கரைசலுக்கு என்று கணக்கிட்டால், அதன் பங்களிப்பு ஏறத்தாழ 367 புள்ளிகள்; ஒரு புள்ளி என்பது 0.001. இரண்டரை கிலோ தூளும் 20 லிட்டர் மொத்த அளவும் என்றால் 2.5 × 367 ÷ 20, அதாவது 46 புள்ளிகள், தொடக்க அடர்த்தி 1.046. தூளின் எடையும் மொத்தக் கன அளவும் சரியாக இருந்தால் கருவி வேறு எதைச் சொன்னாலும், சாறும் தண்ணீரும் நன்றாகக் கலக்கவில்லை என்றே பொருள். தானியத்தை ஊறவைத்துச் சாறெடுப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் தானியத்திலிருந்து எவ்வளவு சர்க்கரை இறங்கியது என்பது அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது.

ஆல்கஹாலைக் கணக்கிட எல்லோரும் பயன்படுத்தும் சூத்திரம், தொடக்க அடர்த்தியிலிருந்து இறுதி அடர்த்தியைக் கழித்து 131.25 ஆல் பெருக்குவது. உங்கள் பீருக்கு 0.036 × 131.25 = 4.7. சாதாரண வலிமையுள்ள பீருக்கு இது போதும். 1.100 இல் தொடங்கி 1.020 இல் முடியும் கனமான பீருக்கு இதே சூத்திரம் 10.5 சதவீதம் என்னும். அடர்த்தி மாற்றத்தின் வளைவைக் கணக்கில் கொள்ளும் விரிவான சூத்திரமோ 11.6 சதவீதம் வரை தரும். அந்தச் சூத்திரம் இது: 76.08 × (தொடக்கம் − இறுதி) ÷ (1.775 − தொடக்கம்) × (இறுதி ÷ 0.794). தொடக்க அடர்த்தி 1.070ஐத் தாண்டினால் இதையே பயன்படுத்துங்கள். எந்தச் சூத்திரமானாலும், ஒவ்வோர் அளவிலும் 0.001 பிழை எதிரெதிர்த் திசைகளில் நேர்ந்தால் விடை 0.26 சதவீதம் நகர்ந்துவிடும். ஆகவே சாதாரண ஹைட்ரோமீட்டரை வைத்துக்கொண்டு இரண்டாம் தசம இடத்தை எழுதுவதில் பொருள் இல்லை.

"மீதமுள்ள சர்க்கரை எவ்வளவு" என்ற கேள்விக்கு வருவோம். 1.0105 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நூறு கிராமுக்கு 2.7 கிராம் மிச்சம் என்று அட்டவணை சொல்வது வெறும் தோற்றம். ஆல்கஹால் அடர்த்தியைக் குறைத்துக் காட்டுவதால் உண்மையான மிச்சம் அதைவிட அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிராகில் பணியாற்றிய கார்ல் பாலிங் இதை விரிவாக ஆராய்ந்தார், 2.0665 கிராம் கரைபொருளிலிருந்து 1 கிராம் ஆல்கஹாலும் 0.9565 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.11 கிராம் ஈஸ்ட்டும் உண்டாகின்றன என்ற அவருடைய விகிதம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அவர் வழியில் வந்த சூத்திரம், தொடக்கக் கரைபொருளை 0.1808 ஆலும் தோற்ற மிச்சத்தை 0.8192 ஆலும் பெருக்கிக் கூட்டச் சொல்கிறது. உங்களுக்கு அது 4.3 கிராம். இதைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் பெரும்பகுதி ஈஸ்ட்டால் உண்ண முடியாத, நாக்குக்கும் அதிகம் இனிக்காத டெக்ஸ்ட்ரின். வாயில் உணரும் கனத்தைப் பீருக்குத் தருவது அதுதான். இரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டையைப் பீரில் நனைத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது குளுக்கோஸுக்காகச் செய்யப்பட்டது, மால்ட் சாற்றின் முதன்மைச் சர்க்கரையோ மால்டோஸ். ஆகவே அந்த எண்ணிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

வேறு கருவிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாராயத்துக்கான ஆல்கஹால்மானி தண்ணீரும் ஆல்கஹாலும் மட்டுமே கலந்த திரவத்துக்கு உரியது, 1.010 அடர்த்தியுள்ள பீரில் அது சுழியத்துக்கும் கீழே நின்றுகொண்டிருக்கும். நுண்குழாயில் திரவம் ஏறும் உயரத்தைக் கொண்டு அளக்கும் வினோமீட்டர், சர்க்கரை முற்றிலும் தீர்ந்த ஒயினிலேயே தோராயமானது, பீருக்கு உதவாது. நொதிகலனுக்குள் மிதந்துகொண்டு, தன் சாய்வின் கோணத்தை வைத்து அடர்த்தியைச் சொல்லும் டில்ட், ஐஸ்பிண்டல் போன்ற மின்னணுக் கருவிகள், நொதித்தல் எப்படிப் போகிறது, எப்போது ஓய்கிறது என்று காட்டுவதில் சிறந்தவை. ஆனால் நுரையும் ஈஸ்ட்டும் மேலே படிந்தால் அவற்றின் சாய்வு மாறிவிடும் என்பதால், இறுதி எண்ணுக்கு அவற்றை நம்ப மாட்டேன். மாதிரியைக் கொதிக்கவைத்து ஆல்கஹாலை ஓட்டிவிட்டு, பழைய அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மீண்டும் அளக்கும் முறை கொள்கையளவில் அழகானது, தொடக்க அடர்த்தியைக் குறிக்க மறந்தவர்களுக்கும் கைகொடுக்கும். ஆனால் 5 சதவீத ஆல்கஹால் தண்ணீரின் அடர்த்தியை மாற்றுவதே 0.007 அளவுதான், 0.001 பிழை நேர்ந்தால் 0.7 சதவீத ஆல்கஹால் தவறிவிடும்.

0.001ஐவிட நுட்பமாக அளக்க வேண்டுமென்றால் என் பரிந்துரை, குறுகலான கழுத்துள்ள 100 மில்லிலிட்டர் அளவுக்குடுவையும் 0.01 கிராம் வரை காட்டும் தராசும். குடுவையில் குறிவரை காய்ச்சி வடித்த நீரை நிரப்பி எடை பாருங்கள். பின் உலர்த்தி, அதே வெப்பநிலையில் வாயு நீக்கிய பீரை அதே குறிவரை நிரப்பி எடை பாருங்கள். குடுவையின் எடையைக் கழித்தபின் நீர் 99.72 கிராம், பீர் 100.74 கிராம் என்றால், ஒப்படர்த்தி 1.0102. குடுவையின் கன அளவு உண்மையில் எவ்வளவு என்பது இங்கே தேவையே இல்லை, இரண்டு எடைகளின் விகிதம் மட்டும் போதும். பெரிய தராசு வைத்திருப்பவர்கள் நொதிகலனையே முதல் நாளும் கடைசி நாளும் நிறுத்துப் பார்க்கலாம். உங்கள் பீர் 20 லிட்டர் என்றால், வெளியேறிய வாயுவால் அது ஏறக்குறைய 700 கிராம் இளைத்திருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டர் உடைந்துபோன ஒரு முறை இந்தக் கணக்குதான் எனக்குத் துணை நின்றது.

இனி பாட்டில். இங்கேதான் அளவீடு சுவை சார்ந்த விஷயமாக இல்லாமல் பாதுகாப்பு சார்ந்த விஷயமாகிறது. நொதித்தல் முடியாமல் அடைத்துவிட்டு, பின்னர் அடர்த்தி மேலும் 0.004 குறைந்தால், பீரின் கன அளவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கார்பன் டை ஆக்சைடு பாட்டிலுக்குள் கூடுதலாக உருவாகும். வழக்கமான பீரில் மொத்தமாக இருப்பதே இரண்டரை மடங்கு அளவுதான். அதற்கு மேல் நுரைக்காக நீங்கள் சேர்க்கும் சர்க்கரையின் வாயுவும் சேர்ந்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும். எனவே இன்று ஒரு முறையும் 48 மணி நேரம் கழித்து ஒரு முறையும், வாயு நீக்கி, ஒரே வெப்பநிலையில், ஒரே ஹைட்ரோமீட்டரால் அளங்கள். எண் அசையவில்லை என்றால் அடைக்கலாம். இதைவிட உறுதி வேண்டுபவர்கள் ஈஸ்ட் சேர்க்கும் நாளிலேயே கால் லிட்டர் சாற்றைத் தனியே எடுத்து, அளவுக்கு மிஞ்சிய ஈஸ்ட் சேர்த்து, வெதுவெதுப்பான இடத்தில் அடிக்கடி கலக்கி வைப்பார்கள். அது ஓரிரு நாளில் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே பெரிய கலனும் போய்ச் சேர வேண்டிய இடம். சில ஈஸ்ட் வகைகள், குறிப்பாக டயஸ்டாட்டிகஸ் என்ற வகை, டெக்ஸ்ட்ரினையும் வாரக்கணக்கில் மெதுவாகச் சிதைத்து உண்ணக்கூடியவை என்பதால், அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் 48 மணி நேர இடைவெளி போதாது, இரண்டு வாரமாவது பார்க்க வேண்டும்.

பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரையும் ஆல்கஹாலாக மாறும் என்பதைக் கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 0.4 சதவீத ஆல்கஹாலைத் தரும். சர்க்கரையைக் கரைக்கச் சேர்க்கும் தண்ணீர் அதில் சிறிதளவை நீர்த்துவிடும். அப்படியானால் உங்கள் 4.7 பாட்டிலுக்குள் 5 சதவீதத்தை ஒட்டி முடியும், சீட்டில் 5 என்று எழுதிக்கொள்ளலாம்.